500 ரூபாய்ப் பதிப்புரிமைச் சான்றிதழ்: எதற்கு வாங்கலாம், எதற்கு வீண்?

தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது, முதலிலேயே சொல்லிவிடலாம். 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லைப் பத்திரிகைகள் பேட்டன்டுக்கும் எழுதுகின்றன, காப்பிரைட்டுக்கும் எழுதுகின்றன. இரண்டும் வேறு சட்டம், வேறு அலுவலகம், வேறு கட்டணம். இங்கே பேசுவது காப்பிரைட்டைப் பற்றி; அதற்குப் 'பதிப்புரிமை' என்ற பழைய சொல்லே குழப்பமில்லாதது. மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகம் நடத்தும் இணையவழிப் பதிவுச் சேவையை, கடையில் ஒரு சரக்கைக் கையில் எடுத்துப் பார்ப்பதுபோலப் பார்க்கலாம்: விலை என்ன, உள்ளே என்ன இருக்கிறது, எங்கே உடையும்.

விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதை, கவிதை, கட்டுரை, நாடகம், மெட்டு, ஓவியம், மென்பொருள் எதுவானாலும் ஒரு படைப்புக்கு 500 ரூபாய். அதுவே ஒரு சரக்கோடு சேர்த்துப் பயன்படும் லேபிள், பாக்கெட் படம், லோகோ என்றால் 2,000. ஒலிப்பதிவுக்கு 2,000, திரைப்படத்துக்கு 5,000. இவை 2013-ம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின் அட்டவணையில் உள்ள தொகைகள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் பணம் திரும்பாது. வக்கீல், ஏஜென்ட் யாரும் கட்டாயமில்லை. காப்பிரைட் டாட் கவ் டாட் இன் தளத்தில் கணக்குத் தொடங்கி நீங்களே போடலாம். சென்னை கிண்டியில் இருக்கும் அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பயனில்லை. அங்கே பேட்டன்ட், டிரேட்மார்க், புவிசார் குறியீடு உண்டு. பதிப்புரிமைப் பதிவுக்கு நாடு முழுவதற்கும் ஒரே அலுவலகம்தான், டெல்லி துவாரகாவில்.

வாங்கலாமா என்று கேட்டால் இப்படிச் சொல்லலாம். மென்பொருள், முழுத் திரைக்கதை, பாடல், பாடப்புத்தகம், நாவல் கையெழுத்துப் பிரதி: கொடுக்கும் காசுக்கு மேலேயே பெறுமானம். கதைக்கரு, தலைப்பு, தொழில் யோசனை, மசாலாப் பொடியின் பக்குவம்: இவற்றுக்கு 500 ரூபாய் தண்டம். துணி டிசைனும் லோகோவும் இந்தக் கடைக்கு வருமுன் வேறு இரண்டு கடைகளை எட்டிப் பார்த்துவிட்டு வரவேண்டிய சமாச்சாரம்.

ஏன் இந்தப் பாகுபாடு என்பது, பணம் கொடுத்து உண்மையில் எதை வாங்குகிறோம் என்று தெரிந்தால் விளங்கும். உரிமையை வாங்குவதில்லை. உரிமை, எழுதி முடித்த கணத்திலேயே வந்துவிடுகிறது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான, இந்தியா 1928-லேயே சேர்ந்த பெர்ன் உடன்படிக்கையின் அடிப்படையே அதுதான்: பதிவு, முத்திரை, சடங்கு எதுவும் வேண்டாம். வட்டத்துக்குள் 'சி' போட்ட குறியைப் பக்கத்தின் அடியில் போடவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பதிவு செய்யாமலே வழக்குப் போடலாம் என்பதைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-ல் சஞ்சய் சோயா வழக்கில் மறுபடியும் உறுதியாகச் சொன்னது. அமெரிக்காவில் கதை வேறு. அந்நாட்டுப் படைப்புக்கு அங்கே பதிவு இல்லாமல் நீதிமன்றப் படியேற முடியாது. யூடியூபில் அமெரிக்க விளக்கத்தைக் கேட்டுவிட்டுப் பதறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

500 ரூபாய்க்குக் கிடைப்பது, அரசுப் பதிவேட்டில் ஒரு வரி. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 48-வது பிரிவு அந்த வரிக்கு ஒரு பலம் கொடுக்கிறது: அதில் உள்ள விவரங்கள் முதல்நோக்கில் உண்மை என்று எல்லா நீதிமன்றங்களும் எடுத்துக்கொள்ளும், மூலப் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டியதில்லை. யார் எழுதியது, எப்போது பதிந்தது என்ற இரண்டு கேள்விக்கும் உங்கள் கையில் பதில் இருக்கும், மறுக்கும் பொறுப்பு எதிராளி தலையில் விழும். அவ்வளவுதான். இதே போன்ற படைப்பு உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது அலுவலகத்தின் வேலை அல்ல. ஆகவே இன்னொருவருடையதைத் தன் பெயரில் பதிந்துவிட்டவர்கள் கையிலும் சான்றிதழ் இருக்கலாம். அதைத் திருத்தவோ நீக்கவோ 50-வது பிரிவின்படி கேட்கலாம். அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-ல் கலைக்கப்பட்டதால் இப்போது அதற்கு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

'படைப்பு' என்றாலே தமிழில் பிரம்மனும் கம்பனும் நினைவுக்கு வருகிறார்கள். சட்டத்துக்கு அந்தப் பிரமிப்பெல்லாம் கிடையாது. சட்டத்தின் 13-வது பிரிவு சொல்லும் வகைகள்: அசலான இலக்கிய, நாடக, இசை, கலைப் படைப்புகள், திரைப்படம், ஒலிப்பதிவு. 'இலக்கியம்' என்ற பையில் கணினி நிரலும் அட்டவணையும் தரவுத்தளமும்கூட விழுகின்றன. 'கலைப் படைப்பு' என்றால் ஓவியம், சிற்பம், புகைப்படம், வரைபடம், கட்டட வடிவம். அதிலும் ஓவியம், புகைப்படம் போன்றவற்றுக்குக் கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. மோசமான ஓவியத்துக்கும் நல்ல ஓவியத்துக்கும் ஒரே பாதுகாப்பு. அலுவலகத்தில் விமர்சகர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அவர்கள் கேட்பது 'அசல்' என்ற ஒன்றைத்தான், அதற்கும் புதுமை என்று பொருள் இல்லை. 1916-ல் லண்டனில் ஒரு வழக்கு, கணக்குத் தேர்வின் வினாத்தாளுக்குப் பதிப்புரிமை உண்டா என்று. கணக்கு பழசுதான், ஆனால் தாள் அந்த ஆசிரியரிடமிருந்து பிறந்தது, எங்கிருந்தும் பார்த்து எழுதியதல்ல. ஆகவே உண்டு என்றார்கள். இந்திய நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகள் இந்த அளவுகோலில்தான் ஓட்டின: உழைத்தாயா, பார்த்து எழுதவில்லையா, போதும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-ல் தொலைபேசி அடைவு வழக்கில் அதை உடைத்தது. பெயர்களை அகர வரிசையில் அடுக்குவதில் எவ்வளவு வேர்வை சிந்தினாலும் படைப்பாற்றல் துளியும் இல்லை என்றது.

நம் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில், ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் நடுவழி எடுத்தது. விஷயம் சுவாரசியமானது. நீதிமன்றத் தீர்ப்பின் வாசகத்தை யாரும் அச்சடிக்கலாம். அதை ஒரு பதிப்பகம் சீர்செய்து வெளியிடுகிறது. போட்டியாளர்கள் அதைக் குறுந்தகட்டில் போட்டுவிட்டார்கள். எழுத்துப் பிழை திருத்தியது, மேற்கோள் குறி போட்டது, விடுபட்ட சொல்லைச் சேர்த்தது ஆகியவற்றுக்கெல்லாம் பாதுகாப்பு இல்லை என்றது நீதிமன்றம். ஆனால் நீண்ட தீர்ப்பை எங்கே பத்தி பிரிப்பது, எப்படி எண் கொடுப்பது, எந்த நீதிபதி யாரோடு உடன்படுகிறார், யார் மாறுபடுகிறார் என்று குறிப்பது: இவற்றுக்குச் சட்டம் தெரிந்த மூளை வேண்டும், ஆகவே அந்த அளவுக்குப் பாதுகாப்பு உண்டு. திறனும் தேர்வும் வேண்டும், கொஞ்சமாவது படைப்பாற்றல் வேண்டும், பெரிய மேதைமை வேண்டாம்.

தமிழ்ப் பதிப்புலகத்துக்கு இது நேரடியாகப் பொருந்துகிற அளவுகோல். சீவக சிந்தாமணியின் பாட்டு உ.வே.சாமிநாதையருக்குச் சொந்தமல்ல. 1887-ல் அவர் எழுதிய முன்னுரையும் குறிப்புரையும் அவர் படைப்பு. அவர் காலமானது 1942. எழுத்துக்கான உரிமை, ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு; அப்படி எண்ணினால் 2002 டிசம்பர் 31-ல் அந்த உரிமையும் முடிந்தது. இன்று திருக்குறளுக்கு உரை எழுதிப் பதிகிறவர், குறளையும் சேர்த்துத் தன் பெயரில் எழுதக் கூடாது. விண்ணப்பத்தின் விளக்கப் பகுதியில் 'உரை மட்டும்' என்று சொல்வதே முறை.

எந்தப் படைப்பையும் பதியுமுன் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இதே தகவலைக் கையில் கொடுத்து, இதே திறமையுள்ள இன்னொருவரை உட்கார வைத்தால் அச்சாக இதையேதான் செய்திருப்பாரா? ஆம் என்றால் பதிவு நிற்காது. கோயம்புத்தூர் பம்புக் கடைகளை அகர வரிசையில் தொகுத்தால் யாருக்கும் அதே பட்டியல்தான் வரும். எந்த நிலத்துக்கு எந்த பம்பு, எந்தக் கடையில் என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று தேர்ந்து, வகைபிரித்து, விளக்கி எழுதினால் ஆளுக்கு ஆள் வேறாக வரும். சட்டம் காப்பது அந்த வேறுபாட்டைத்தான்.

கோடம்பாக்கத்தில் 'ஒன்லைனை ரிஜிஸ்டர் பண்ணிட்டேன்' என்று சொல்லக் கேட்கலாம். ஒன்லைன் என்பது கருத்து. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. மாகாணப் பற்று காதலுக்குக் குறுக்கே நிற்கும் கரு நாடகத்திலும் படத்திலும் ஒன்றுபோல இருந்தது. கருவை வளர்த்த விதமும் காட்சிகளும் வேறாக இருந்ததால் நாடகாசிரியர் தோற்றார். ஆகவே பதிவதானால் காட்சி, வசனம், பாத்திரங்களின் திருப்பங்கள் எல்லாம் உள்ள முழுத் திரைக்கதையைப் பதியவேண்டும். ஒன்றரைப் பக்கச் சுருக்கத்தைப் பதிந்தால், பாதுகாப்பு அந்த ஒன்றரைப் பக்க வாசகத்துக்கு மட்டும். தலைப்புக்கு அதுவும் இல்லை. இந்திப் படத் தலைப்பு ஒன்று பற்றிய 2015 வழக்கில் உச்ச நீதிமன்றம் தலைப்பு தனியாகப் 'படைப்பு' ஆகாது என்று முடித்துவிட்டது. பெயர், முழக்கச் சொற்றொடர், தொழில்முறை, வெறும் தகவல் ஆகியவற்றையும் ஏற்பதில்லை என்று அலுவலகத்தின் கேள்வி-பதில் பக்கமே சொல்கிறது. சமையல் குறிப்பில் உங்கள் நடையில் எழுதிய விவரிப்புக்கு உரிமை உண்டு. பொருள் பட்டியலுக்கும் கைப்பக்குவத்துக்கும் இல்லை. சுவைக்கு நிச்சயம் இல்லை: பாலாடைக்கட்டி ஒன்றின் சுவை படைப்பா என்று 2018-ல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், துல்லியமாக அடையாளம் காண முடியாத ஒன்று படைப்பாகாது என்று திரும்பி வந்தார்கள்.

இப்போது படிவம். எண் 14. அதோடு இரண்டு இணைப்புகள்: விவர அறிக்கை, கூடுதல் விவர அறிக்கை. பார்க்க எளிது, பெரும்பாலான குறைபாட்டுக் கடிதங்கள் பிறக்கும் இடமும் இதுதான். ஒரு விண்ணப்பம், ஒரு படைப்பு என்பது விதி. இணையதளம் முழுவதையும் ஒரே படைப்பாகப் பதிய முடியாது. அதன் எழுத்து, படங்கள், நிரல் தனித்தனி விண்ணப்பம்.

படைப்பின் வகை என்ற கட்டம்தான் எல்லாவற்றுக்கும் தாய். ஒரு தனிப்பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்பவருக்கு அது ஒன்று; சட்டத்துக்கு மூன்று. வரிகள் இலக்கியப் படைப்பு, ஆசிரியர் பாடலாசிரியர். மெட்டு இசைப் படைப்பு. அதன் இலக்கணத்தில் சொற்கள் சேராது என்று சட்டமே விலக்குகிறது, ஆசிரியர் இசையமைப்பாளர். ஸ்டூடியோவில் பதிந்த எம்பி3 ஒலிப்பதிவு. அதன் 'ஆசிரியர்' காசு போட்ட தயாரிப்பாளர். 500, 500, 2,000 என்று மூன்று விண்ணப்பம், 3,000 ரூபாய். எம்பி3-ஐ மட்டும் பதிந்துவிட்டு 'என் பாட்டை'க் காப்பாற்றிவிட்டதாக நினைப்பவருக்கு, வேறொருவர் அதே மெட்டைப் புதிதாக வாசித்து வெளியிட்டால் அந்தப் பதிவு கைகொடுக்காது.

ஆசிரியர் பெயர்க் கட்டத்தில் கம்பெனி பெயரை எழுதுவது அடுத்த பெரும் பிழை. இலக்கியப் படைப்புக்கு ஆசிரியர் மனிதராகத்தான் இருக்க முடியும். கம்பெனி உரிமையாளர் ஆகலாம். ஊழியர்கள் எழுதியது என்றால் அவர்கள் பெயர் ஆசிரியர் கட்டத்தில், கம்பெனி விண்ணப்பதாரர் கட்டத்தில், கூடவே ஒவ்வொருவரின் தடையில்லாச் சான்று. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் பணியில் எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 17-வது பிரிவின்படி முதலாளிக்குப் போகிறது. ஃப்ரீலான்சருக்கு இது பொருந்தாது. அவர் எழுதிய நிரலுக்குப் பணம் கொடுத்துவிட்டால் மட்டும் உரிமை மாறிவிடாது. எழுத்தில், கையெழுத்தோடு உரிமை மாற்றப் பத்திரம் வேண்டும். அதில் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். கல்யாண போட்டோவில் கதை தலைகீழ்: ஒப்பந்தம் வேறு சொல்லாத வரை, கூலி கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். போட்டோகிராபர் ஆசிரியர் மட்டுமே. ஸ்டூடியோக்காரர்கள் விளம்பரத்துக்கு மணமக்கள் படத்தைப் போடுமுன் இதை நினைத்துக்கொள்வது நல்லது. பதிவுக்கு அனுப்பும் படைப்பில் ஒருவரின் முகம் இருந்தால் அலுவலகமும் அவருடைய சம்மதக் கடிதத்தைக் கேட்கிறது.

'வெளியானதா, வெளியாகாததா' என்ற கட்டத்தில் அச்சுப் புத்தகத்தை மட்டும் மனதில் வைத்துப் பலர் 'வெளியாகாதது' என்று டிக் போடுகிறார்கள். பொதுமக்களுக்குச் சேரும்படி செய்த எதுவும் சட்டப்படி வெளியீடுதான். ஃபேஸ்புக்கில் தொடராகப் போட்ட நாவலும் வெளியானதே. முதல் வெளியீட்டின் ஆண்டையும் நாட்டையும் எழுதவேண்டும். பதிப்பாளர் வேறு ஆளானால் அவருடைய தடையில்லாச் சான்றும் வேண்டும். பின்னால் வழக்கு வரும்போது, எதிராளியின் வக்கீல் முதலில் தேடுவது இந்தத் தேதியைத்தான். ஒரு தேதி பொய் என்று காட்டிவிட்டால் 48-வது பிரிவின் பலம் காற்றுப்போன பலூன்.

மென்பொருளுக்கு வருவோம், இந்தச் சேவையில் மிகவும் பெறுமானமுள்ள பகுதி இது. 2021 மார்ச்சில் விதி திருத்தப்பட்டபின், சோர்ஸ் கோடின் (நிரலாளர் எழுதிய மூல வரிகளின்) முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் கொடுத்தால் போதும். மொத்தமே 20 பக்கத்துக்குக் குறைவு என்றால் முழுவதும். ஆனால் எந்த வரியையும் கறுப்படித்து மறைக்கக் கூடாது. இங்கேதான் கவனம் வேண்டும். கடவுச்சொல்லோ, வேறொரு சேவையோடு நிரலை இணைக்கும் ரகசியக் குறியீடான ஏபிஐ சாவியோ அந்த 20 பக்கத்தில் கிடந்தால் மறைக்க வழியில்லை. பிடிஎஃப் ஆக்குவதற்கு முன்பே அவற்றை நிரலிலிருந்து வெளியே தனிக் கோப்புக்கு மாற்றிவிட வேண்டும். இன்னொன்று, முதல் 10 பக்கம் முழுவதும் யாரும் எடுத்தாளும் ஓப்பன் சோர்ஸ் நிரலின் உரிம அறிவிப்பும், பிறர் நிரலை உள்ளே கொண்டுவரும் 'இம்போர்ட்' வரிகளுமாக இருந்தால் உங்கள் கைவண்ணம் எதுவும் பதிவில் ஏறாது. கோப்புகளை அடுக்கும் வரிசை உங்கள் கையில் இருக்கிறது. சொந்த நிரல் முன்னும் பின்னும் வரும்படி அடுக்குங்கள். மொபைல் செயலியும் கணினி நிரல் என்ற வகையில்தான் பதிவாகும். அதன் திரைத்தோற்றப் படங்களுக்குத் தனிக் கலைப் படைப்பு விண்ணப்பம்.

லோகோவும் லேபிளும் 2,000 ரூபாயோடு முடிவதில்லை. சரக்கோடு பயன்படக்கூடிய கலைப் படைப்பு என்றால், அதையொத்த டிரேட்மார்க் வேறு யார் பெயரிலும் இல்லை என்று டிரேட்மார்க் பதிவாளரிடம் தேடல் சான்றிதழ் வாங்கி இணைக்க வேண்டும் என்கிறது 45-வது பிரிவு. அதற்கான கட்டணம் பதிப்புரிமைக் கட்டணத்தைவிடப் பெரிது. வெறும் எழுத்தாலான பெயர்ப்பலகை என்றால் நேராக டிரேட்மார்க்குக்குப் போவதே புத்திசாலித்தனம். மயிலும் கோபுரமுமாக வரைந்த பாக்கெட் ஓவியம் என்றால் இரண்டும் போடலாம்.

திருப்பூர்க்காரர்களுக்கு 15-வது பிரிவை மனப்பாடம் செய்யச் சொல்லலாம். டிசைன் சட்டத்தின்கீழ் பதியத் தகுதி இருந்தும் பதியாமல் விட்ட ஒரு வடிவத்தை இயந்திரமுறையில் 50 தடவைக்கு மேல் சரக்கில் ஏற்றிவிட்டால், அந்த வடிவத்தின் பதிப்புரிமை அத்தோடு போயிற்று. ஐம்பத்தொன்றாவது பனியனோடு போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு ஷிப்டின் முதல் சில நிமிட வேலை. படிவத்திலேயே இதற்குக் கட்டம் இருக்கிறது: டிசைன் சட்டத்தில் பதிந்ததா, இல்லையென்றால் எத்தனை தடவை அச்சிட்டாயிற்று. அந்த இடத்தில் உண்மையை எழுதினால் விண்ணப்பம் விழும், பொய்யை எழுதினால் பிற்பாடு வழக்கு விழும். எது தூய ஓவியம், எது டிசைன் என்று பிரிப்பது எளிதல்ல. 2025 ஏப்ரலில் கிரயோகாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு இரண்டு படிச் சோதனை வகுத்தது. முதல் படி, அது தன்னளவில் கலைப் படைப்பா, அல்லது அதிலிருந்து எடுத்துப் பொருளில் ஏற்றிய டிசைனா. பிறகு, பொருளின் பயன்பாடு முந்துகிறதா, கண்ணுக்கான அழகு முந்துகிறதா. நடைமுறையில் இவ்வளவு போதும்: துணியில் ஏறப்போகும் வடிவத்தை, முதல் சாம்பிள் வெளியே போகுமுன் டிசைன் பதிவுக்குக் கொடுங்கள். இந்த 500 ரூபாயை வேறெதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்தைப் பதியலாமா? சட்டத்தில் ஒரு வரி உண்டு: கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாக்கக் காரணமானவர் ஆசிரியர். இந்த அலுவலகம் 2020-ல் 'சூர்யாஸ்த்' என்ற படத்துக்கு 'ராகவ்' என்ற மென்பொருளையே மனிதரோடு இணையாசிரியராகப் போட்டுப் பதிந்தது. பதிந்து ஓராண்டில் பதிவைத் திரும்பப் பெறுவதாக நோட்டீஸ் அனுப்பியது. அதே படத்தை அமெரிக்க அலுவலகம் 2023 டிசம்பரில் மறுத்துவிட்டது. இங்கே தெளிவு வரும்வரை, ஆசிரியர் கட்டத்தில் மென்பொருள் பெயரை எழுதாதீர்கள். உங்கள் கைபட்ட பகுதி எது என்று விளக்கப் பகுதியில் பிரித்து எழுதுங்கள்.

போட்டபின் என்ன நடக்கும்? பணம் கட்டியதும் டைரி எண் வரும். படைப்பின் கோப்பு 10 எம்பிக்குள் இருக்க வேண்டும். எழுத்துக்குப் பிடிஎஃப், படத்துக்குப் பிடிஎஃப் அல்லது ஜேபிஜி, ஒலிக்கு எம்பி3. பிறகு 30 நாள் கட்டாயக் காத்திருப்பு, யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்க. ஆட்சேபணை வந்தால் இரு தரப்பையும் கேட்டுப் பதிவாளர் முடிவெடுப்பார். வராவிட்டால் ஆவணச் சரிபார்ப்பு, பின்பு பரிசோதகரின் ஆய்வு; குறை இருந்தால் கடிதம், சில சமயம் விசாரணை, பிறகு சான்றிதழ். 30 நாளில் சான்றிதழ் என்று விளம்பரம் செய்யும் ஏஜென்டுகள், அந்த 30 நாள் வெறும் காத்திருப்பு என்பதைச் சொல்வதில்லை. முழு வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும். டைரி எண் ரசீதைக் கண்ணாடி ஃப்ரேம் போட்டு மாட்டி 'காப்பிரைட் வாங்கியாச்சு' என்பவர்களும் உண்டு. அந்த எண், விண்ணப்பம் வரிசையில் நிற்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவே.

தளத்தில் உருப்படியான வசதி, டைரி எண்ணைப் போட்டு விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். 'வொர்க் அவெய்ட்டட்' என்று காட்டினால் படைப்பின் பிரதி போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அப்படியே கிடந்தால் கிடந்தபடியே இருக்கும். குறைபாட்டுக் கடிதத்துக்குக் கெடு உண்டு, தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். புதிய விண்ணப்பங்களின் பட்டியலை மாதந்தோறும் தளத்தில் போடுகிறார்கள். பதிப்பகங்களும் இசை நிறுவனங்களும் இதை வழக்கமாகப் பார்த்துவந்தால், தங்கள் சரக்கு வேறு பெயரில் நுழைகிறதா என்று 30 நாளுக்குள்ளேயே பிடித்துவிடலாம். நம் ஊரில் இதைச் செய்கிறவர்கள் குறைவு. குறை என்று சொன்னால், படிவம் தமிழில் இல்லை; தலைப்பை ஆங்கில எழுத்தில் பெயர்த்து எழுதவேண்டியிருப்பதால் ழகரமும் ளகரமும் படும் பாடு தனி.

மாற்று வழிகளாகச் சொல்லப்படுபவை: தனக்குத் தானே பதிவுத் தபால் அனுப்பிப் பிரிக்காமல் வைப்பது. சட்டத்தில் இதற்குத் தனி மதிப்பு ஏதும் இல்லை. ஐஎஸ்பிஎன் எண் வாங்கினால் பதிப்புரிமை வந்துவிடும் என்பது பதிப்பாளர்களிடமே உள்ள தவறான எண்ணம்; அது புத்தகத்தை அடையாளம் காட்டும் எண், உரிமையோடு உறவில்லை. தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் கதையைப் பதிவது பயனுள்ளதுதான். தொழிலுக்குள் ஒரு தகராறு வந்தால் பேசித் தீர்க்க உதவும், தேதிக்குச் சாட்சியும் ஆகும். ஆனால் 48-வது பிரிவு தரும் பலம் அரசுப் பதிவேட்டுக்கு மட்டுமே. தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போகிறவர் இரண்டையும் செய்துவிட்டு, சொன்ன தேதியையும் இருந்தவர்களையும் ஒரு மின்னஞ்சலில் எழுதி அவருக்கே அனுப்பிவிட்டால் நகல் வழக்கில் பாதி வேலை முடிந்தது. ஏனெனில் அவர் உங்கள் கதையைப் பார்க்கும் வாய்ப்புப் பெற்றார் என்பதையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், அதைச் சான்றிதழ் செய்து தராது.

சான்றிதழ் வந்ததும் தலைப்பின் எழுத்துக்கூட்டல், ஆசிரியர் பெயர், வெளியீட்டு ஆண்டு மூன்றையும் உங்கள் படிவப் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவு எண்ணின் தொடக்க எழுத்தையும் பாருங்கள்: இலக்கியத்துக்கு 'எல்', கலைக்கு 'ஏ', மென்பொருளுக்கு 'எஸ்டபிள்யூ'. பிழை இருந்தால் விவரத் திருத்தத்துக்குத் தனிப் படிவம் இருக்கிறது; சாதாரண எழுத்து, இசை, கலைப் படைப்புக்கு 200 ரூபாய், சரக்கோடு பயன்படும் கலைப் படைப்புக்கு 1,000. வழக்கு வந்தபின் திருத்தப் போனால் எதிராளி அதையே பிடித்துக்கொள்வார், ஆகவே அந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.